வாடகை உயர்வும் காலி செய்யச் சொல்வதும்: அனுபவித்தவர்கள் எழுதுகிறோம்

எங்கள் ஒப்பந்தக் காலம் முடிய இன்னும் பல மாதங்கள் இருந்தபோதே, வீட்டு உரிமையாளர் வாடகையை உயர்த்துவதாகவும், ஒப்புக்கொள்ளாவிட்டால் மாத இறுதிக்குள் காலி செய்துவிட வேண்டும் என்றும் வாய்மொழியாகச் சொல்லிச் சென்றார். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தை அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். ஆண்டுக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்ற உச்சவரம்பு எதுவும் அதில் இல்லை. பலர் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். உயர்வு எப்போது, எவ்வளவு என்பதை ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. அதில் தகராறு எழுந்தால் இரு தரப்பில் யார் வேண்டுமானாலும், இந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்டிருக்கும் வாடகை அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தத்தின் அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டிப் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்பினேன். பழைய வாடகையே தொடர்ந்தது.

*

மேலே எழுதியவருக்குக் கையில் ஒப்பந்தம் இருந்தது. என் நிலைமை வேறு. உயர்த்திய தொகையைத் தந்தால்தான் வாங்குவேன் என்று சொல்லி, நான் கொடுத்த வாடகையை உரிமையாளர் வாங்க மறுத்தார். அப்படியே விட்டிருந்தால், வாடகை பாக்கி வைத்தேன் என்பதே என்னை வெளியேற்றக் காரணமாகியிருக்கும். வழக்கறிஞர் ஒருவரின் யோசனைப்படி பணவிடையில் (மணியார்டர்) அனுப்பினேன். தொடர்ந்து இரண்டு மாதங்கள் அனுப்பியும் ஏற்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம் என்று அந்தச் சட்டமே வழி சொல்கிறது. திரும்பி வந்த ரசீதுகள் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். இதற்கிடையே எங்கள் வீட்டுக்கு மட்டும் தண்ணீர் நின்றது. குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டித்து ஒருவரை வெளியேற்றப் பார்ப்பது அப்பட்டமான கொடுமை. சட்டமும் அதைத் தடை செய்கிறது. புகார் செய்தால், விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பத் தரும்படி இடைக்கால உத்தரவிட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. நான் புகார் மனுவின் நகலை உரிமையாளரிடம் கொடுத்த பிறகு தண்ணீர் வந்தது.

*

வாய்ப்பேச்சை நம்பி வாழும் குடும்பங்களுக்காக நான் எழுதுகிறேன், ஏனெனில் என் அக்கா குடும்பம் அதனால் மிகவும் அலைக்கழிந்தது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாததே இன்று வெளியேற்றக் கோருவதற்கு ஒரு காரணமாகச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. எனவே "ஒப்பந்தம் இல்லை, ஆகவே யாரும் அசைக்க முடியாது" என்ற எண்ணம் ஆபத்தானது. ஆனாலும் அந்தக் காரணத்தையோ, பாக்கி, உள்வாடகை, உரிமையாளரின் சொந்தத் தேவை போன்ற பிற காரணங்களையோ வாடகை நீதிமன்றத்தில் எடுத்துரைத்து உத்தரவு பெற்றாக வேண்டும். அக்கா வெளியூர் சென்றிருந்தபோது பூட்டை மாற்றிவிட்டார்கள். சட்ட வழிமுறையின்றி அப்படி வெளியேற்றப்பட்டவர், குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடுத்து உடைமையைத் திரும்பக் கோரலாம் என்பதை வழக்கறிஞர் எடுத்துச் சொன்ன பின்னரே சாவி கிடைத்தது. இப்போது அவர்கள் ஒப்பந்தம் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து, பதிவு எண்ணும் பெற்றுவிட்டார்கள். உயர்வு எந்த மாதத்தில், எந்த அளவில் என்பதும், காலி செய்யும்போது முன்பணத்தில் எதைக் கழிக்கலாம் என்பதும் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன.