ஷெர்லாக் ஹோம்ஸ் 50 பென்ஸ் நாணயம்: 4,000 ரூபாய் பெறுமா?

கேள்வி (கும்பகோணம்)

வணக்கம். சிறு வயது முதலே ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் மீது எனக்குப் பெரும் பற்று உண்டு. அதை அறிந்த என் அண்ணன் மகன், லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, ஹோம்ஸின் உருவம் பொறித்த 2019ஆம் ஆண்டு 50 பென்ஸ் நாணயம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அது அவனுக்கு அங்கே கடையில் மீதிச் சில்லறையாகக் கிடைத்ததாம். அதே நாணயத்தை இங்குள்ள வியாபாரி ஒருவர், மிக அரியது, வெள்ளியால் ஆனது என்று சொல்லி 4,000 ரூபாய் கேட்கிறார். என் நண்பர் முன்பணம் கொடுக்கவும் ஆயத்தமாகிவிட்டார். அந்த விலை தகுமா? வெள்ளிதானா என்பதை எடை போட்டு அறிய முடியுமா? என்னிடமுள்ளது சற்று மங்கியிருப்பதால் புளி போட்டுத் துலக்கலாமா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (தஞ்சாவூர்)

ஐயா, உங்கள் நண்பரைத் தயவுசெய்து சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். ஹோம்ஸைப் படைத்த எழுத்தாளர், 1859இல் பிறந்த ஆர்தர் கானன் டாயிலின் 160ஆம் பிறந்த ஆண்டை ஒட்டி வெளிவந்த இந்த நாணயத்தைப் புழக்கத்துக்கென்றே 86,02,000 எண்ணிக்கையில் அச்சிட்டார்கள். லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தை நினைவுகூர்ந்து 2009இல் வந்த 50 பென்ஸ் புழக்கத்துக்கு விடப்பட்டது 2,10,000 மட்டுமே. சேகரிப்பாளர்கள் அரியது என்று சொல்வது அத்தகைய நாணயத்தைத்தான். ஹோம்ஸ் நாணயத்தை அந்த வரிசையில் வைக்க இயலாது; ஆகவே 4,000 ரூபாய் தகாது.

வெள்ளியைப் பற்றிய உங்கள் கேள்வி மிக முக்கியமானது. புழக்கத்துக்கு வந்தது 75 விழுக்காடு செம்பும் 25 விழுக்காடு நிக்கலும் சேர்ந்த உலோகக் கலவை. எடை 8 கிராம், விட்டம் 27.3 மில்லிமீட்டர். இதே உருவத்தில் வெள்ளி ப்ரூஃப் நாணயம் (சேகரிப்பாளருக்கெனச் சிறப்பாக மெருகிட்டு அச்சிடுவது) தனியாக வெளியிடப்பட்டது உண்மைதான், ஆனால் அதன் எடையும் 8 கிராமே என்பதால் தராசு உங்களுக்கு உதவாது. மேற்பரப்பைப் பாருங்கள். ப்ரூஃப் என்றால் பின்புலம் கண்ணாடி போல முகம் காட்டும், அதன்மேல் உருவம் பனி படர்ந்தாற்போல வெண்மையாக நிற்கும்; நாணயம் பேழைக்குள் சான்றிதழோடு வரும். இவை எதுவும் இல்லாமல் வெறும் நாணயத்தை வெள்ளி என்று சொல்லி விற்றால், வாங்காமல் விலகிவிடுவதே நல்லது.

மறுமொழி (நாகப்பட்டினம்)

புளியைத் தொடவே வேண்டாம், ஐயா. புளியும் எலுமிச்சையும் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஏற்றவை. நாணயத்தில் அவற்றின் அமிலம் மேற்பரப்பை அரித்து அச்சின் இயல்பான ஒளியைப் போக்கிவிடும், தேய்ப்பதால் விழும் நுண்கீறல்களோ ஒருநாளும் மறையாது. துலக்கிய நாணயத்தைச் சேகரிப்பாளர் பார்த்தவுடன் கண்டுகொண்டு விலையைக் குறைத்துவிடுவார். மங்கல் இருந்தால் இருக்கட்டும். ஓரத்தில் பிடித்து எடுங்கள், முகப்பில் விரல் படக்கூடாது.

நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை ஈரம்தான் பெரிய பகை. எங்கள் ஊரில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. மலிவான பிவிசி உறைகளில் போட்டால் நாளடைவில் பச்சை நிறப் பிசுக்குப் படியும். ஆகவே மைலார் என்னும் பாலியெஸ்டர் உறையிலோ, கேப்சூல் எனப்படும் கெட்டியான நாணயக் கூட்டிலோ இட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்த டப்பாவில் மூடிவைத்து, மழைக்காலம் தொடங்கும் முன் அந்தப் பொட்டலத்தை மாற்றுங்கள்.

மறுமொழி (மயிலாடுதுறை)

விலையைப் பற்றித் தஞ்சாவூர் நண்பர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஹோம்ஸ் வாசகர் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இதை வடிவமைத்த ஸ்டீபன் ரா எழுத்துக்கலைஞர். ஹோம்ஸின் நிழலுருவத்தோடு கதைத் தலைப்புகளையும் சிறு எழுத்துகளில் பொறித்திருக்கிறார். உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். அந்தத் துப்பறிவாளருக்கு இதைவிடப் பொருத்தமான நாணயத்தை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

ஹோம்ஸையே கருவாகக் கொண்டு சேகரிக்க விரும்பினால், 1994இல் பிரிட்டனின் ஆட்சிப்பகுதியான ஜிப்ரால்டர் வெளியிட்ட கிரவுன் எனப்படும் பெரிய நாணயங்களும், சோவியத் தொலைக்காட்சிப் படங்களில் ஹோம்ஸாகவும் வாட்சனாகவும் நடித்தவர்களின் உருவங்களைத் தாங்கி 2007இல் குக் தீவுகளின் பெயரில் வந்த 2 டாலர் வெள்ளி நாணயங்களும் உள்ளன. இவை கடைச் சில்லறையில் புழங்குவதற்காக அன்றிச் சேகரிப்பாளருக்காகவே அச்சிடப்பட்டவை. உங்கள் நண்பர் இவற்றில் வெள்ளியால் ஆன ஒன்றைத் தேடினால் உண்மையான வெள்ளி கைக்கு வர வாய்ப்புண்டு. ஆனால் சான்றிதழையும் பேழையையும் நேரில் பார்த்த பிறகே பணம் கொடுக்கச் சொல்லுங்கள்.