புதுப்பிப்பு: புகார் எண்ணிக்கையும் மக்கள் அக்கறையும்

நகராட்சிச் செயலிகளில் புகார்கள் கூடினால் நிர்வாகத்தில் மக்களின் அக்கறையும் கூடியதாகக் கொள்ளலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் ஆம் என்றீர்கள். எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2012-இல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் பம்ப்' செயலியைப் பாருங்கள். ஓடும் காரில் அந்தச் செயலியை இயக்கிய கைப்பேசி இருந்தால் போதுமாக இருந்தது. குலுக்கலை உணர்ந்து சாலைப் பள்ளத்தை அதுவே பதிவு செய்தது. கெட்டிக்கார யோசனைதான். ஆனால் காரும் ஸ்மார்ட்போனும் குறைவாக உள்ள பகுதியின் பள்ளங்கள் கணக்கிலேயே வராது. அப்படிப் பதிவான பள்ளங்களின் வரைபடத்தை நம்பினால், அங்கே சாலைகள் வழவழவென்று இருக்கின்றன!

"தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது, குப்பை மட்டும் அப்படியே கிடக்கிறது" என்று உங்களில் ஒருவர் தன் புகாரைப் பற்றிப் பொருமியிருந்தார். பிரிட்டனில் 2007-இல் தொடங்கிய 'ஃபிக்ஸ் மை ஸ்ட்ரீட்' தளத்தில் புகார் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும். சில வாரங்கள் கழித்து, பிரச்சினை தீர்ந்ததா என்று புகார் கொடுத்தவரிடமே கேட்பார்கள். எனக்குப் பிடித்தது இந்தக் கேள்விதான்.

பார்சிலோனாவின் 'டெசிடிம்' பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது புகார்ப் பெட்டி அல்ல. 2016-இல் நகரத் திட்டம் வகுக்க மக்களின் முன்மொழிவுகளைத் திரட்டிய தளம். கட்டற்ற மென்பொருள் என்பதால் வேறு நகரங்களும் எடுத்துப் பயன்படுத்துகின்றன. முன்மொழிவு ஏற்கப்பட்டதா, இல்லையென்றால் ஏன் என்று நிர்வாகம் அதன் கீழேயே பதில் எழுத அதில் வசதி உண்டு.