3060-ஆ, 4060-ஆ? மலைமேல் கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் சொல்வது

கோத்தகிரி, திருமண வீடியோ தொகுப்பவர்

என்னிடம் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, நினைவகம் 12 ஜிபி. தங்கை மகன் ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கினான், 8 ஜிபி. இரண்டையும் ஒரே கணினியில் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தேன்.

விவரத்தாளை மட்டும் படித்தால் தலை சுற்றும். 2021 பிப்ரவரியில் வந்த 3060-இல் கணக்குப் போடும் கோர்கள் 3584. 2023 ஜூனில் வந்த 4060-இல் 3072 தான். நினைவகப் பாதை 192 பிட்டிலிருந்து 128 ஆகிவிட்டது. நொடிக்கு 360 ஜிபி போய்வந்த இடத்தில் இப்போது 272. எல்லாமே இறங்குமுகம், ஆனாலும் விளையாட்டில் புதியதுதான் முந்துகிறது. கோர்கள் ஓடும் பூஸ்ட் வேகம் 1.78 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.46-க்கு ஏறியிருப்பது ஒரு காரணம். சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான எல்2 கேஷ் 3 எம்பியிலிருந்து 24 எம்பியாகப் பெருத்திருப்பது இன்னொன்று. அடிக்கடி வேண்டிய தரவு உள்ளேயே கிடைத்துவிட்டால், வெளி நினைவகத்துக்குப் போகும் பாதை குறுகலாக இருப்பது அவ்வளவாக உறைக்காது.

எனக்கு உறைத்தது வேறு. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கம் மரம் விழுவதும் மின்சாரம் போவதும் வாடிக்கை. என் 600 விஏ யுபிஎஸ் 360 வாட் வரைதான் தாங்கும். 3060 ஒன்றே முழு வேகத்தில் 170 வாட் இழுக்கும். பிராசஸரும் மானிட்டரும் சேர்ந்துகொண்டால், ரெண்டர், அதாவது இறுதி வீடியோவை உருவாக்கும் வேலை, நடுவில் இருக்கும்போது மின்சாரம் போனதும் யுபிஎஸ் அலறும், அடுத்த நொடி எல்லாம் இருட்டு. 4060-க்கு 115 வாட் போதும். அதைப் பொருத்தியிருந்தபோது, வேலையைச் சேமித்துக் கணினியை முறையாக மூட அவகாசம் கிடைத்தது.

அப்படியானால் 4060 என்று முடித்துவிடலாமா? முடியவில்லை. படுகர்களின் ஹெத்தையம்மன் விழாவில் எடுத்த 4கே காட்சிகள் இருந்தன. வெயிலில் வெள்ளை உடைகள் பளீரென்று இருக்கும், மாலை ஆட்டமோ வெளிச்சமே இல்லாமல் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது. டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளில் நிறம் திருத்தி, அதன்மேல் அந்தப் புள்ளிகளைத் துடைக்கும் இரைச்சல் நீக்கமும் போட்டதும் 8 ஜிபி கார்டில் நினைவகம் நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு வந்து நின்றது. அதே கோப்பு 12 ஜிபியில் முனகாமல் ஓடியது.

வீடியோ தொழிலில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புதிய கேமராக்கள் தரும் 4:2:2 பத்து பிட் எச்.265 (நிறத் தகவல் கூடுதலாக உள்ள, சுருக்கிய வீடியோ வகை) கோப்புகளை இந்த இரண்டு கார்டுகளுமே வன்பொருளில் பிரித்துக் காட்டாது. இன்டெல் பிராசஸரில் 11-ஆம் தலைமுறையிலிருந்து உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அதைச் செய்கிறது. டைம்லைன் திக்கினால் கார்டைத் திட்ட வேண்டாம்.

உதகை, கல்லூரி மாணவன்

அண்ணா, நான் 4060-தான். 1080பி-யில் விளையாடுகிறேன், குறையே இல்லை. இடையிடையே கார்டே படங்களை உருவாக்கிச் செருகும் பிரேம் ஜெனரேஷனைப் போட்டால், நொடிக்கு எத்தனை படம் என்று திரையில் காட்டும் எண் எகிறுகிறது. ஆனால் மவுஸை நகர்த்தினால் கை உணர்வது பழைய வேகத்தைத்தான். அந்த எண்ணை நண்பர்களிடம் காட்டிப் பெருமையடிக்கலாம், அவ்வளவே.

கார்டு வந்த அன்று விசிறி சுற்றவே இல்லை. ஓட்டைக் கார்டு என்று அப்பா திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார். பிறகுதான் தெரிந்தது, சூடு ஏறத்தாழ 50 டிகிரியைத் தாண்டாதவரை விசிறி ஓயும்படி பல கார்டுகளை அமைத்திருக்கிறார்கள். ஜனவரி உறைபனியில், பாடம் படிக்கும் கணினியில் அந்தச் சூடு எங்கிருந்து வரும்?

2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருக்கிறது, கீழே இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதே வேகத்தில் விசிறி சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகும் வெப்பம் குறையும். இருந்தும் கோவையில் இருக்கும் மாமா வீட்டுக் கார்டைவிட என்னுடையது குளிர்ச்சியாகவே இருக்கிறது. அறையே 15 டிகிரியில் இருந்தால் மெலிந்த காற்றும் சமாளித்துவிடும் போல.

கொடைக்கானல், கட்டட முப்பரிமாணப் படங்கள் செய்பவர்

தம்பி, விளையாட்டுக்கு நீங்கள் சொல்வது சரி. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் சிறிய காட்சி என்றால் எனக்கும் 4060 வேகமாகத்தான் முடித்துக் கொடுத்தது. ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு விடுதியைச் சுற்றி பைன் மரக் காடு வேண்டும், தரையெல்லாம் புல் வேண்டும், ஓட்டுக் கூரையில் பாசியும் வேண்டும். பொருள்களின் மேற்பரப்பைக் காட்டும் படங்களான உயர்தர டெக்ஸ்சர்கள் சேரச் சேர 8 ஜிபி பொங்கி வழியும். வழிந்தது கணினியின் சாதாரண ராமுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு கோர் கணக்கையெல்லாம் மறந்துவிடலாம், ரெண்டர் நகரவே நகராது. என் ஓட்டு 3060-க்கு.

பழையதாக 3060 வாங்குகிறவர்கள் கவனிக்க: அதே பெயரில் 8 ஜிபி வகையும் வந்திருக்கிறது, பாதை 128 பிட்தான். பெட்டியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம், கார்டுகள் தேவைப்படாதபடி தன் முறையை மாற்றியதும், அதன் சுரங்க வேலையில் கிடந்த கார்டுகள் சந்தையில் கொட்டின. அரை மணி நேரமாவது முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

குன்னூர், கணினி பழுதுபார்ப்பவர்

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். மதர்போர்டோடு பேச 4060 எட்டு லேன்களைத்தான் (தரவுப் பாதைகள்) பயன்படுத்தும், 3060-க்குப் பதினாறு. கார்டைச் செருகும் இணைப்பு பிசிஐஇ 4.0-ஆக இருக்கும் மதர்போர்டில் வித்தியாசம் தெரியாது. மெதுவான 3.0 இருக்கும் பழைய போர்டில், நினைவகம் வழியும்போது 4060-க்கு இரட்டை அடி.

மற்றபடி என் மேசைக்கு வரும் கார்டுகளில் பாதிக்குமேல் ஈரத்தால் வருபவை. சன்னலோரம் கணினி, திறந்தால் மூடுபனி, வாரக்கணக்கில் போடாமல் கிடக்கும். திருகுகளில் துரு, கார்டைச் செருகும் தங்கப் பற்களில் கறுப்பு. அழிப்பான் கொண்டு தேய்த்தாலே சில கார்டுகள் உயிர்த்துவிடும், பார்ப்பவர்களுக்கு மந்திரம் போலத் தெரியும். தினம் சிறிது நேரமாவது போட்டு வையுங்கள்.

கோத்தகிரி அண்ணன், யுபிஎஸ்ஸுக்காகக் கார்டை மாற்ற வேண்டாம். கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பான பவர் லிமிட்டை 75 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள்.

கோத்தகிரி, திருமண வீடியோ தொகுப்பவர்

இறக்கினேன் தம்பி. 170 வாட் 127-க்கு வந்துவிட்டது, ரெண்டர் கொஞ்சம்தான் தாமதம். நேற்றுக் காற்றில் மின்சாரம் போனபோது யுபிஎஸ் சாதாரணமாக இரண்டு முறை கூவியதோடு சரி. 4060-ஐத் தங்கை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்து மாற்றுவதாக இருந்தால் 12 ஜிபிக்குக் குறைந்து எதையும் தொடுவதாக இல்லை.