கடிகாரத்தின் அடியில் காத்திருந்தவர்கள்

பதினாறு, பதினேழு வயதில் ஆள் மாறிப் போன ஆசையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன படம் எதையாவது பார்த்து, ‘அட, இது நான்தானே’ என்று நெளிந்த அனுபவம் உண்டா? இருந்தால் எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து:

முதுகலை படிக்க கிளாஸ்கோ போயிருந்த முதல் குளிர்காலம். என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த ஸ்காட்லாந்துப் பையன் ஒருநாள் இரவு ‘கிரிகரிஸ் கேர்ள்’ என்ற படத்தைப் போட்டான். பில் ஃபோர்சைத் எழுதி இயக்கி 1981இல் வெளிவந்தது. “கோட்டை, ஏரி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இதைப் பார்” என்றான். கால் மணி நேரத்துக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவர்கள் பேசுவது ஆங்கிலம்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. அமெரிக்காவில் திரையிட்டபோது அங்கிருப்பவர்களுக்குப் புரியாது என்று பேச்சை இளக்கி மறுபடி டப்பிங் செய்திருக்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். அமெரிக்கர்களுக்கே அந்தக் கதி என்றால் பாளையங்கோட்டைக்காரன் எம்மாத்திரம்.

கதை மிகச் சிறியது. கிரிகரி பள்ளிக் கால்பந்து அணியில் முன்னால் நின்று ஆடுகிறவன். கொக்கு போல வளர்ந்துவிட்ட உடம்பு, கையையும் காலையும் என்ன செய்வதென்று தெரியாத நடை. அணியோ தோற்றுக்கொண்டே இருக்கிறது. புது ஆட்களுக்காகப் பயிற்சியாளர் தேர்வு வைக்கிறார். டோரதி என்ற பெண் வந்து நிற்கிறாள். பெண்ணை எப்படிச் சேர்ப்பது என்று அவர் மென்று விழுங்குவதற்குள் வந்திருந்த பையன்கள் அத்தனை பேரையும் மூச்சுவாங்க வைத்துவிடுகிறாள். கிரிகரியின் இடம் அவளுக்குப் போகிறது. அவன் கோல்கீப்பராகிறான், அதுவரை கோல் காத்துவந்த ஆண்டி வெளியே போகிறான். தன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டவள் மேலேயே கிரிகரிக்குப் பித்து. அவளுக்குப் பித்து பந்தின் மேல். அவள் கோல் அடித்தால் எதிரணிப் பையன்களும் ஓடிவந்து முத்தம் கொடுக்கிறார்கள். இவன் தன் கோல் கம்பத்தடியில் நின்றபடி பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மறுவாரமே ரயிலேறி, படம் எடுத்த கம்பர்நால்டுக்குப் போய்விட்டேன். (கவிச்சக்கரவர்த்திக்கும் ஊருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் ரயில் நிலையப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் கை கூப்பத் தோன்றியது.) கிளாஸ்கோவின் நெரிசலைக் குறைக்க 1955இல் அறிவித்த புதுநகரம் அது. கார் போகிற வழியில் ஆள் குறுக்கிடக் கூடாது என்று திட்டமிட்டதால் திரும்பிய பக்கமெல்லாம் நடைமேம்பாலமும் சுரங்கப்பாதையும்தான். எதிரே கண்ணுக்குத் தெரிகிற கடைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் சுற்றினேன். படத்தில் அந்தப் பிள்ளைகள் ஏன் எந்நேரமும் எங்கேயோ நடந்துகொண்டே இருக்கிறார்கள் என்பது அப்போது விளங்கியது. பெரியவர்கள் கண்ணில் படுவதே அபூர்வம். கிரிகரியின் அப்பா கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். அவருடைய கார் தெருவில் மகன் மேலேயே மோதப் பார்க்கும்போதுதான் இருவரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். ஒரே வீட்டில் இருக்கிற இருவர், காலைச் சாப்பாட்டுக்கு எப்போது சந்திக்கலாம் என்று நாள் குறித்துக்கொள்கிறார்கள்!

படத்தில் வந்த அப்ரன்ஹில் உயர்நிலைப் பள்ளி இல்லை. 2014இல் மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். படத்தில் வருகிற கடிகாரம் மட்டும் இருக்கிறது, இப்போது ஒரு வணிக வளாகத்துக்குள். கிளாஸ்கோவின் செயின்ட் ஈனாக் ரயில் நிலையத்தில் ஒரு காலத்தில் தொங்கிய கடிகாரம் அது.

அதன் அடியில்தான் கிரிகரி, நண்பனிடம் இரவல் வாங்கிய வெள்ளைக் கோட்டோடு டோரதிக்காக நிற்கிறான். டோரதி வரவில்லை. அவளுடைய தோழி ஒருத்தி வருகிறாள். அவளால் வர முடியவில்லை, வா, சும்மா கொஞ்சம் நடக்கலாம் என்று கூட்டிப்போகிறாள். வழியில் டெலிபோன் கூண்டுக்குள் புகுந்து உடை மாற்றிக்கொண்டு வருகிறாள். சிப்ஸ் கடை வரை போனதும் அவனை இன்னொருத்தியிடம் ஒப்படைக்கிறாள். அந்த இன்னொருத்தி கொஞ்ச தூரம் நடத்திக்கொண்டு போய், அவன் மேல் கண் வைத்திருந்த பள்ளித் தோழி சூசனிடம் சேர்க்கிறாள். தொடர் ஓட்டத்தில் கை மாறுகிற குச்சி போல அவன் போய்ச் சேர்கிறான். குச்சிக்கு என்ன தெரியும்? பூங்காவில் இருவரும் புல்லில் மல்லாந்து கிடந்து கைகளை மட்டும் ஆட்டி நடனம் ஆடுகிறார்கள். உலகம் சுற்றுகிறது, ஆட்டத்தை நிறுத்தினால் கீழே விழுந்துவிடுவோம் என்பது கணக்கு. அந்தக் காட்சிக்காகவே படத்தை ஏழெட்டு முறை பார்த்துவிட்டேன்.

என் கதைக்கு வருகிறேன். பதினொன்றாம் வகுப்பில் ஒருத்தி தட்டச்சுப் பயிலகத்துக்குப் போகிறாள் என்று தெரிந்து, காலை ஆறு மணி வகுப்பில் நானும் சேர்ந்தேன். வீட்டில் அம்மாவுக்கு ஆனந்தம், பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டதென்று. இரண்டு வாரம் வாசலைப் பார்த்துக்கொண்டே ‘ஏ எஸ் டி எஃப்’ தட்டினேன். அவள் வரவே இல்லை. எதிர் மிஷினில் இருந்த பெண்தான் எனக்கு ரிப்பன் மாட்டித் தருவாள். ஒருநாள் தட்டுவதை நிறுத்தாமலே, “அவள் மாலை வகுப்புக்கு மாறிப் பத்து நாளாகிறது” என்றாள். நான் யாரையும் பற்றிக் கேட்கவே இல்லை. மூன்று மாதக் கட்டணத்தைக் கட்டியாகிவிட்டதால் தொடர்ந்து போனேன். ஜூனியர் தேர்வில் நிமிடத்துக்கு 30 சொற்கள் அடித்துத் தேறினேன். இன்று சோறு போடுவது அந்த விரல்கள்தான். ரிப்பன் மாட்டிய பெண்ணின் பெயரைக் கேட்டு வைக்கவில்லை. படம் பார்த்த இரவு அதுதான் உறுத்தியது.

கோவையிலிருந்து:

நானும் பார்த்தேன். நல்ல படம்தான். ஆனால் தொடக்கத்திலேயே பையன்கள் புதரில் ஒளிந்து ஒரு நர்ஸ் உடை மாற்றுவதை எட்டிப் பார்க்கிற காட்சி எனக்கு ஒப்பவில்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் சிரித்திருப்பார்கள். என் மகனோடு உட்கார்ந்து பார்த்தேன், ரிமோட்டைத் தேடும்படி ஆயிற்று. இன்னொன்று: பள்ளித் தாழ்வாரத்தில் பென்குயின் வேஷம் போட்டு ஒருவர் அலைந்துகொண்டே இருக்கிறாரே, அவர் யார்? கடைசி வரை காத்திருந்தேன்.

பாளையங்கோட்டையிலிருந்து:

நர்ஸ் காட்சியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, நான் அதைத் தாண்டிப் போயிருக்கக் கூடாது. பென்குயினுக்கு விளக்கம் கிடையாது. பள்ளியில் யாரும் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை, இந்த அறை இல்லை, அந்த அறைக்குப் போ என்று வழி சொல்லி அனுப்புகிறார்கள். தலைமையாசிரியர் தனியே பியானோ வாசிப்பதும் அப்படித்தான். பதினாறு வயதில் பள்ளிக்கூடம் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

மதுரையிலிருந்து:

வயதில் மூத்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தை என் மகள் போட்டுக் காட்டினாள். 1981 என்று திரையில் பார்த்ததும் எனக்குச் சிரிப்பை விடக் கோபம்தான் வந்தது. அதே வருடத்தில்தான் நான் ‘அலைகள் ஓய்வதில்லை’ பார்த்தேன். கார்த்திக் பூணூலை எறிய, ராதா சிலுவையைக் கழற்ற, கொட்டகையே எழுந்து நின்றது. ‘பன்னீர் புஷ்பங்கள்’ வந்ததும் அதே வருடம்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்ணைப் பிடித்துப்போனால் ஊரை எதிர்க்க வேண்டும், சொந்தத்தை உதற வேண்டும், முடியாவிட்டால் உயிரை விட வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் ‘அழியாத கோலங்கள்’ பார்த்தேன். ஷோபா டீச்சர் மேல் ஆசை வைத்த மூன்று பையன்களில் ஒருவன் ஆற்றோடு போய்விடுவான். அதில் சிரிப்பும் நிறைய உண்டு, ஆனால் கடைசியில் நெஞ்சை அடைத்துவிடும். அங்கே இந்தக் கிரிகரிப் பயலோ இரவல் கோட்டு போட்டு, சிப்ஸ் கடை வரை நடந்து, புல்லில் படுத்து எழுந்து, இரவு தன் கட்டிலுக்கே வந்து சேர்ந்துவிட்டான். இப்படியும் ஒரு வழி இருந்ததென்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே!

நான் செய்தது இது. எங்கள் தெரு முனை வீட்டுப் பெண், பன்னிரண்டாம் வகுப்பு, தமிழில் எப்போதும் முதல். அவளுக்கு ரத்தத்தில் கடிதம் எழுதுவதென்று முடிவு செய்தேன். ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த காம்பஸ் முனையால் விரலில் குத்தினேன். வலித்த அளவுக்கு ரத்தம் வரவில்லை. ‘அன்புள்ள’ என்பதில் முதல் எழுத்துக்கு மட்டும் போதியது. மீதியைச் சிவப்பு மையால் முடித்தேன். துருப்பிடித்த காம்பஸ் என்று அம்மா கூட்டிப்போய் டெட்டனஸ் ஊசி போட வைத்தது தனிக் கதை, கையை விட அது இரண்டு நாள் அதிகம் வலித்தது. ‘உன் நினைவில் உறங்காமல்’ என்று எழுத வேண்டிய இடத்தில் அவசரத்தில் ‘உறங்கமல்’ என்று எழுதித் தொலைத்திருக்கிறேன். மறுநாள் மாலை அவளுடைய தம்பி கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். திட்டு இல்லை, பதில் இல்லை. ‘ங்க’வுக்குப் பக்கத்தில் நீல மையில் ஒரு துணைக்கால் மட்டும் போட்டிருந்தது.

படத்தில் ஆண்டியும் அவன் நண்பன் சார்லியும், அங்கே ஓர் ஆணுக்கு எட்டுப் பெண்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, வெனிசுவேலாவின் கராகஸுக்குப் போக நெடுஞ்சாலையில் அட்டையோடு நின்று வண்டியை மறிக்கிறார்கள். அட்டையில் ஊர்ப் பெயர் எழுத்துப்பிழை. என் மகள் சிரித்தாள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து:

ஐயா, உங்கள் துணைக்காலைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் கிரிகரிகள். நான் டோரதி.

எங்கள் காலத்தில் பெண்களுக்குக் கால்பந்து அணி கிடையாது, நான் ஆடியது கைப்பந்து. மாவட்டப் போட்டிக்காகத் தினமும் காலை ஐந்தரைக்கு மைதானத்தில் இருப்பேன். என் வகுப்புப் பையன் ஒருவன் எனக்கு முன்பே வந்து நிற்பான். பந்தில் காற்றுக் குறைந்தால் ஓடிப்போய் அடித்துக்கொண்டு வருவான், வலையை இழுத்துக் கட்டுவான், தண்ணீர்க் குடத்தைத் தூக்குவான். எங்கள் சார் அனுப்பிய ஆள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவனிடம் நான் பேசியதெல்லாம் “இன்னும் கொஞ்சம் அடி”, “போதும்”, “ஊசி எங்கே” இவ்வளவுதான். இருபது வருடம் கழித்துப் பழைய மாணவர் கூட்டத்தில் அவனுடைய மனைவி சிரித்துக்கொண்டே சொல்லித்தான் எனக்கே தெரியும். அவளும் எங்கள் வகுப்புதான். “நீ ஒரு தடவையாவது அவர் முகத்தைப் பார்ப்பாய் என்று நாங்கள் பெஞ்சுக்குப் பெஞ்சு பந்தயம் கட்டினோம்” என்றாள். மைதானத்தை விட்டு வெளியே இவ்வளவு நடந்திருக்கிறது.

அதனால் டோரதியைக் கல்நெஞ்சக்காரி என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது. அவள் அவனை ஏமாற்றவில்லை. அவளுக்கு நேரமில்லை. பந்தை அவள் உதைக்கிற விதத்தைப் பாருங்கள். நடிப்புக்காக உதைத்தால் பாதம் அப்படித் திரும்பாது. அந்த நடிகை டீ ஹெப்பர்ன், படத்துக்காகப் பார்ட்டிக் திசில் என்ற கிளாஸ்கோ கிளப்பில் பயிற்சி எடுத்தவர். தோழிகள் கூடி அவனை சூசனிடம் கொண்டுசேர்ப்பது கட்டுக்கதை போலத் தோன்றலாம். அதை விடப் பெரிய காரியங்களையெல்லாம் பெண்கள் மதியச் சாப்பாட்டு மணிக்குள் முடித்துவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

இந்த வருடம் எங்கள் பள்ளியில் பெண்கள் கால்பந்து அணி இருக்கிறது. நடுவில் ஆடுகிற பிள்ளை கெட்டிக்காரி, மாநில அளவுக்குப் போவாள். ஜூனிலிருந்து ஒரு பையன் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே வருகிறான். அவள் அவனைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. வரிசையில் கடைசியாக நிற்கிற இன்னொரு பெண் மட்டும் அவனையே பார்க்கிறாள்.

போன வாரம் ஒரு பந்தைக் கொடுத்து, “தம்பி, காற்றுக் குறைவாக இருக்கிறது, அடித்துக்கொண்டு வா” என்று அவனை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினேன். அந்தப் பம்பின் குழாய் ஒரு இடத்தில் கிழிந்திருக்கும், யாராவது விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டால்தான் காற்று ஏறும். அதற்கு அந்தக் கடைசிப் பெண்ணை அனுப்பி வைத்தேன். ஒரு பந்துக்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. புதுக் குழாய் அலமாரியில்தான் இருக்கிறது, இன்னும் மாற்றவில்லை.