ஸ்டேட்டஸ் அஃபென்ஸ்: 'நிலைக் குற்றம்' வேண்டாமே

வணக்கம் நண்பர்களே,

அமெரிக்க சிறார் சட்டத்துல வர்ற ஸ்டேட்டஸ் அஃபென்ஸுக்கு (status offense) 'நிலைக் குற்றம்'னு நம்ம கலைச்சொல் பட்டியல்ல போட்டிருக்கு. எனக்கு ரெண்டு பாதியுமே ஒத்து வரல. இங்க ஸ்டேட்டஸ்னா வயசு, அவ்வளவுதான். ஸ்கூலுக்கு மட்டம் போடுறது, வீட்ட விட்டு ஓடிப்போறது, ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்கு மேல வெளிய சுத்துறது, இதெல்லாம் பெரியவங்க செஞ்சா யாரும் கேக்க மாட்டாங்க, 15 வயசுப் பிள்ளை செஞ்சா அமெரிக்காவுல கோர்ட்டு வரைக்கும் போகலாம். நிலைன்னா படிக்கிறவங்களுக்கு அந்தஸ்துதான் தோணும்.

அதைவிட உறுத்துறது 'குற்றம்'. இந்தப் பிள்ளைகளை குற்றவாளி மாதிரி அடைக்கக் கூடாதுங்கறது அமெரிக்காவோட 1974 சிறார் நீதிச் சட்டத்தோட முக்கிய நோக்கங்கள்ல ஒண்ணு. இண்டியானா செனட்டர் பிர்ச் பாய் முன்னாடி நின்னு கொண்டு வந்தார், செப்டம்பர் 7 அன்னிக்கு ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்து போட்டார். நீதித்துறைக்குள்ள இதுக்குன்னே ஓஜேஜேடிபிங்கிற (OJJDP) சிறார் நீதி, குற்றத்தடுப்பு அலுவலகமும் அந்த சட்டத்துலதான் வந்தது. ஆனா மாநிலங்களுக்கு இது கட்டளை இல்ல, ஃபெடரல் நிதி வேணும்னா இப்படி நடந்துக்கோங்கன்னு ஒரு நிபந்தனை, அதனால அந்த அலுவலகத்தோட தலைவர் நாற்காலியில யார் உக்காந்திருக்காங்கங்கறதப் பொறுத்து அழுத்தம் ஏறும் இறங்கும். ஜனாதிபதி கார்ட்டர் காலத்துல, பாயோட செனட் துணைக்குழுவுல வக்கீலா இருந்த ஜான் ரெக்டரே தலைவரா வந்து இந்தப் பிள்ளைகளை வெளிய விடுங்கன்னு விடாம நின்னார். அடுத்து ரீகன் வந்ததும் அலுவலகத்துக்கு நிதியே வேண்டாம்னாங்க, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் விடல, ஆனா ஆல்ஃபிரட் ரெக்னரி தலைமையில கவனமெல்லாம் கடுங்குற்றம் செஞ்ச சிறார் பக்கம் போயிடுச்சு.

நடுவுல 1980-ல அந்தச் சட்டத்துல ஒரு ஓட்டை போட்டாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. ஒரு பொண்ணு வீட்ட விட்டு ஓடுறா. ஜட்ஜ் இனிமே ஓடாதேன்னு உத்தரவு போடுறார். மறுபடி ஓடினா கோர்ட்டு உத்தரவை மீறினதா ஆயிடுது, பூட்டி வைக்கலாம். செஞ்ச காரியம் அதே காரியம்தான்! 2018 திருத்தத்துலதான் அதுக்கும் 7 நாள்னு வரம்பு வந்துச்சு.

என் பரிந்துரை: வயதுசார் மீறல்.

> என் பரிந்துரை: வயதுசார் மீறல்.

ஐயா, 'வயதுசார்' அருமை. ஆனா மூலத்துல அஃபென்ஸ்னுதானே இருக்கு, நாமளா மென்மையாக்கலாமா? அப்புறம் உத்தரவை மீறுறதும் மீறல்தான், ரெண்டும் குழம்பாதா?

> நாமளா மென்மையாக்கலாமா?

தம்பி, சட்டத்தோட வாசகமே பெரியவர் செஞ்சிருந்தா கிரிமினல் ஆகாத செயல்னுதான் விளக்குது, அப்ப நாம எதையும் மென்மையாக்கல. இந்தியாவுலயும் 1986 சிறார் நீதிச் சட்டத்துல இருந்த டெலின்குவென்ட் (குற்றமிழைத்தவர்)ங்கிற சொல்லை 2000-ல எடுத்துட்டு 'சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்'னு கொண்டு வந்தாங்களே. குழப்பத்துக்கு, மத்ததை 'நீதிமன்ற உத்தரவு மீறல்'னு முழுசா எழுதிடுவோம். பக்கத்து பக்கத்துல ரெண்டையும் படிச்சா, ஒண்ணை எப்படி இன்னொண்ணா ஆக்குறாங்கன்னு பளிச்னு தெரியும்.

இன்னொண்ணு. டீஇன்ஸ்டிடியூஷனலைசேஷனுக்கு, அதாவது பிள்ளைகளை அடைச்சு வைக்காம வெளிய விடுறதுக்கு, பட்டியல்ல 'காப்பக நீக்கம்'னு இருக்கு, கட்டடத்தையே இழுத்து மூடற மாதிரி கேக்குது. 'அடைத்துவைப்பு நீக்கம்' சரி வருமா? வேற யோசனை இருந்தா போடுங்க.