கரண்ட் போய் வந்தால் ஃப்ரீபிஎஸ்டி எழ முக்கால் மணி நேரம்: டிஸ்க்கை அழிக்காமல் ஜர்னல் சேர்க்க முடியுமா?

குடியாத்தம்_தறி:
வணக்கம். மாமாவின் லுங்கிக் கடையில் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் ஃப்ரீபிஎஸ்டி 12 (லினக்ஸ் மாதிரி ஒரு இலவச ஓஎஸ்) போட்டு, டிசைன் படங்களும் பில் கணக்கும் வைக்கிற சர்வராக ஓட்டுகிறேன். யூபிஎஸ் பேட்டரி செத்து மூன்று மாசம். காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே கரண்ட் போய்விடும், அப்புறம் மெஷின் எழுந்ததும் எஃப்எஸ்சிகே, அதாவது டிஸ்க் முழுக்கப் பிழை தேடுகிற சோதனை. 2 டிபி டிஸ்க். இன்று காலை மாமா கடையைத் திறந்து, ஊதுபத்தி ஏற்றி, வந்த டீயும் ஆறிப்போச்சு, திரையில் இன்னும் 'பேஸ் 1'. பின்னணியில் ஓடவிட்டும் பார்த்தேன், ஒரு படம் திறக்கவே இழுத்தது, நிறுத்திவிட்டேன். சரி, ஜர்னல் (டிஸ்க்கில் செய்கிற மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) சேர்ப்போம் என்று 'டியூன்எஃப்எஸ் -ஜெ எனேபிள்' அடித்தால் சூப்பர்பிளாக்கை (ஃபைல்சிஸ்டத்தின் அடிப்படை விவரம் இருக்கிற இடம்) எழுத முடியவில்லை என்கிறது. டிஸ்க் போச்சா?

ஆற்காடு_பிரியாணி:
பேசாமல் லினக்ஸுக்கு வந்துவிடு தம்பி. 2001-லேயே 2.4.15 கர்னலில் ஜர்னல் உள்ள ஈஎக்ஸ்டி3 ஃபைல்சிஸ்டம் வந்தாச்சு, பழைய ஈஎக்ஸ்டி2 டிஸ்க்கிலேயே ஒரு கட்டளையில் ஜர்னல் சேர்த்துக்கொள்ளலாம்.

காட்பாடி_அக்கா:
அவர் கேட்டது வீடு மாற வழி இல்லை, ஓட்டை அடைக்க வழி.
தம்பி, டிஸ்க் போகவில்லை. மவுண்ட் ஆகி (சிஸ்டத்தோடு இணைந்து) எழுதிக்கொண்டிருக்கும் பார்ட்டிஷனில் அடித்திருக்கிறீர்கள், அதான் மறுக்கிறது. கடை ஃபைல்கள் தனி பார்ட்டிஷனா? இன்ஸ்டாலர் வழியாகப் போட்டிருந்தால் ஜர்னல் ஏற்கெனவே இருந்திருக்குமே?

குடியாத்தம்_தறி:
தனிதான் அக்கா. அந்த டிஸ்க்கை நான் கையால் 'நியூஎஃப்எஸ் -யூ' போட்டு ஃபார்மேட் செய்தேன்.

காட்பாடி_அக்கா:
அப்போ சாஃப்ட் அப்டேட்ஸ் மட்டும் இருக்கிறது. அது எழுதுகிற வரிசையை ஒழுங்காக வைத்துக்கொள்ளும், அதனால் திடீரென்று கரண்ட் போனாலும் மிஞ்சுவது பெரும்பாலும் யாருக்கும் சேராமல் கிடக்கிற பிளாக்கும், ஃபைல் விவரம் வைக்கிற ஐநோடும்தான். ஆனால் அந்தச் சில்லறையைப் பொறுக்க எஃப்எஸ்சிகே டிஸ்க் முழுக்க நடந்தாக வேண்டும். அந்த நடையை மிச்சப்படுத்தத்தான் கிர்க் மெக்கூசிக்கும் ஜெஃப் ராபர்சனும் அதன் மேலேயே ஒரு சின்ன ஜர்னலைச் சேர்த்தார்கள், 2012-இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 9.0 முதல் இருக்கிறது.
முதலில் வேறு டிஸ்க்கில் ஒரு காப்பி. சிங்கிள் யூசரில் (பழுதுபார்க்கிற நிலையில்) பூட் செய்து, அந்தப் பார்ட்டிஷன் மவுண்ட் ஆகாமல் இருக்கும்போதே எஃப்எஸ்சிகே முழுசாக ஓட்டுங்கள். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள், அழுக்கோடு ஜர்னல் போடக்கூடாது. அப்புறம் அதே டியூன்எஃப்எஸ் கட்டளை. ரீபூட் செய்து 'மவுண்ட்' என்று அடித்தால் அந்த வரியில் 'ஜர்னல்டு சாஃப்ட்-அப்டேட்ஸ்' என்று தெரிய வேண்டும்.

குடியாத்தம்_தறி:
ஆச்சு அக்கா! 33554432 பைட் ஜர்னல் என்று காட்டியது, வெறும் 32 எம்பிதானா? நேற்று சாயங்காலம் மூன்று தடவை கரண்ட் போனது, மூன்று தடவையும் ஜர்னலைப் படித்துவிட்டுச் சில நொடியில் எழுந்துவிட்டது. ஆனால் இரண்டு சங்கடம். மாமா சேவ் செய்துகொண்டிருந்த ஒரு பில் ஃபைல் காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை 'டம்ப் -எல்' பேக்கப்பும் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியில் டிஸ்க் இருந்த நிலையின் நகல்) எடுக்க முடியாது என்று நின்றுவிட்டது.

காட்பாடி_அக்கா:
32 எம்பி போதும், அதில் போவது மெட்டாடேட்டா (ஃபைலின் பெயர், இடம் போன்ற விவரம்) பற்றிய குறிப்பு மட்டும்தானே. ஃபைலுக்குள் இருக்கிற எழுத்தை இந்த ஜர்னல் காப்பாற்றாது, அந்த பில்லை மாமா திரும்பத் தட்ட வேண்டியதுதான். பேக்கப் நின்றது என் தப்பு, முன்பே சொல்லியிருக்க வேண்டும்: இந்த ஜர்னல் இருந்தால் யூஎஃப்எஸ் (உங்கள் டிஸ்க்கில் இருக்கிற ஃபைல்சிஸ்டம்) ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாது, 13.2-இல்தான் அந்தத் தடை போனது. அதற்கு மேல் எதற்காவது மாறுங்கள், 12-க்குத்தான் அப்டேட்டே நின்றுபோச்சே. அதுவரை கடை அடைத்த பிறகு அன்மவுண்ட் செய்து 'எல்' இல்லாமல் டம்ப் எடுங்கள்.

ஆற்காடு_பிரியாணி:
பேட்டரி?

குடியாத்தம்_தறி:
மாமா சரி என்றுவிட்டார் அண்ணா. அந்த பில் ஃபைல்தான் காரணம்.