இழுவை மடியில் (படகு இழுத்துவரும் பை போன்ற வலையில்) வரும் பேத்தை, கிளாத்தி, கடமாடு மீன்கள்: உங்கள் அனுபவம் என்ன?

தரங்கம்பாடி வலைக்காரர்:
இழுவை மடியைக் கொட்டினால் இவை கலந்தேதான் விழும். பிரிக்கும்போது முதலில் வாயைப் பாருங்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு என நாலு தகடாகப் பல், நடுவில் கோடு தெரிந்தால் பேத்தை. கோடே இல்லாமல் மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என்றால் முள்ளுப் பேத்தை. தனித்தனிப் பல்லாக இருந்தால் கிளாத்தி. உடம்பு முழுக்க ஓடாகி, வாயும் துடுப்பும் வாலும் மட்டும் அசைந்தால் கடமாடு. விரலை வாய்ப்பக்கம் கொண்டுபோகாதீர்கள், பேத்தை தூண்டில் நரம்பையே அறுத்துவிடும்.

கோடியக்கரை அண்ணன்:
கிளாத்தி வலையில் மாட்டினால் இழுக்காதீங்க, கண்ணிதான் கிழியும். முதுகின் முதல் முள் நிமிர்ந்ததும் பின்னால் உள்ள சின்ன முள் அதற்கு முட்டுக்கொடுத்துப் பூட்டிவிடும். பெரிய முள்ளை எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. இரண்டாவது முள்ளை விரலால் கீழே அழுத்துங்க, பெரியது தானாகச் சாயும். பாறை இடுக்கில் புகுந்து இதே முள்ளை நிமிர்த்திக்கொண்டால் பெரிய மீனாலும் அதை வெளியே இழுக்க முடியாது.

நாகை மீன்கூடம்:
அண்ணே, பேத்தை பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். அதில் உள்ள டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு பெரும்பாலும் ஈரலிலும் சினையிலும் இருக்கும். குடல், தோலிலும் உண்டு. ஈரலை எடுத்துவிட்டால் போதும் என்பது தப்பு. லாகோசெஃபாலஸ் லூனாரிஸ் என்ற வெள்ளிநிறப் பேத்தைக்குச் சதையிலேயே நஞ்சு. அதன் முதுகில் சொரசொரப்பான முட்கள் முதுகுத்துடுப்பு வரை போகும்; அதைப் போலவே இருக்கும் வேறு இனங்களில் முன்பக்கத்தோடு நின்றுவிடும். மடியில் நசுங்கி வந்த மீனில் இந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது. அதனால் எந்தப் பேத்தையையும் சமையலுக்கு எடுக்காதீர்கள். கொதிக்க வைத்தாலும் உப்பிட்டுக் கருவாடாக்கினாலும் நஞ்சு போகாது.

தின்றவருக்குப் பல நேரம் அரை மணிக்குள்ளேயே உதடும் நாக்கும் மரத்துப்போகும். சில மணி நேரம் தள்ளியும் வரலாம். பிறகு வாந்தி, கைகால் தளர்ச்சி, கடைசியில் மூச்சுத் தசை செயலிழக்கும். மாற்று மருந்து கிடையாது. செயற்கைச் சுவாசம் கொடுத்துத் தாங்கினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆகவே வெண்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்கு நேரே போங்கள். அசையாமல் கிடந்தாலும் அவருக்கு நினைவு இருக்கலாம். பக்கத்தில் இருப்பவர்கள் ஆறுதலாகப் பேசுங்கள்.

முத்துப்பேட்டை அலையாத்தி:
கழிமுகத்திலும் பேத்தை உண்டு, ஆழ்கடல் மீன் என்று நினைத்து ஏமாறாதீர்கள். உயிரோடு விடுவதானால் தண்ணீருக்குள்ளேயே வைத்து விடுங்கள். வெளியே எடுத்தால் காற்றை விழுங்கி ஊதிக்கொள்ளும். பிறகு வயிறு மேலாக மிதந்து பறவைக்கு இரையாகும். ஊதிவிட்டால் அமுக்காதீர்கள். நீருக்குள் தலை மேலே, வால் கீழே இருக்கும்படி பிடித்து மெல்ல ஆட்டினால் காற்று வாய்வழியே வெளியேறும். கடமாட்டை வேறு மீனோடு ஒரே வாளியில் போடாதீர்கள். மிரண்டால் தோலிலிருந்து நஞ்சு கசியவிடும், வாளியில் இருக்கிற மற்ற மீன் செத்துப்போகும்.